வடக்கே ஒரு கேட், கேட்டுக்குள் ஒரு நாய்

பாகான் செராயில் எந்த வீட்டுக்கு எந்தப் பிராணி காவல் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தாமானில் மூலை வீட்டுக் கறுப்பன் பத்து மணிக்கு மேல்தான் எழுந்திருப்பான். அதற்குள் போய்விட்டு வந்துவிட வேண்டும். அலோர் பொங்சு போகிற சாலையில் ஒரு வீட்டில் இரட்டையர். ஒருவர் முன்னால் நின்று குரைப்பார், மற்றவர் சத்தம் காட்டாமல் பின்பக்கமாக வருவார். செமாங்கோல் பக்கம் ஒரு வீட்டில் காவலுக்குச் சேவல். அந்தச் சேவலைப் பற்றி நான் பொதுவில் பேசுவதில்லை.

உளவு வேலை ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் வேலை. மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் கைமெஷினில் தட்டினால் அங்கேயே பில் அடித்துக் கொடுத்துவிடும். அதைத் தபால் பெட்டியில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்கு மோட்டாரைத் திருப்ப வேண்டியதுதான். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு கட்டுகிறவர்கள் மீட்டரை வாசல் மதிலில் வைக்காமல் போர்ச்சுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். போர்ச்சில் காடி நிற்கும். காடிக்கு அடியில் நிழல் இருக்கும். நிழலில் யார் படுத்திருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தத் தகுதியை மதித்து என்னை ஆலோசகராக வைத்துக்கொண்ட ஒரே ஆள் என் அக்கா மகள்தான். படிவம் மூன்று படிக்கிறாள். பள்ளியில் கணினிப் பாடத்துக்கு ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். படம், சத்தம் எதுவும் வேண்டாம், எழுத்தில் ஓடுகிற விளையாட்டு போதும் என்று உத்தரவு. இவள் தமிழிலேயே எழுதப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிக்கொண்டிருந்தபோது மடிக்கணினியோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, ஒரு நாயைத் தாண்டி உள்ள போகணும்னா என்ன செய்யணும்?”

“எந்த நாய்?”

“ஏதோ ஒரு நாய்.”

“ஏதோ ஒரு நாய்னு ஒண்ணு இல்லம்மா. எந்த வீடு, எத்தனை மணி, கட்டியிருக்கா, அவிழ்த்துவிட்டிருக்கா, வீட்டுக்காரங்க இருக்காங்களா, போன மாசம் என்ன நடந்துச்சு, இதெல்லாம் தெரியாம நான் எப்படிச் சொல்றது?”

அவள் பெருமூச்சு விட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: நீ ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாய். வடக்கே ஒரு கேட். கேட்டுக்குள் ஒரு நாய். உன் பையில் பிஸ்கட், குடை, விசில் இருக்கின்றன. என்ன செய்கிறாய்?

நான் இத்தனை காலமும் செய்துவருவதைத் தட்டினேன். கேட்டை ஆட்டு. ‘எனக்குப் புரியவில்லை’ என்றது திரை. வீட்டுக்காரரைக் கூப்பிடு. புரியவில்லை. கொஞ்ச நேரம் நில். புரியவில்லை. நாய் எங்கே பார்க்கிறது? புரியவில்லை. எங்கள் மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதும்போது வருகிற பதில் மாதிரியே இருந்ததால் எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இல்லை. கடைசியில் அவளே எட்டி ‘பிஸ்கட் கொடு’ என்று தட்டினாள். நாய் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வாலை ஆட்டுகிறது. நீ உள்ளே போகிறாய். பத்துப் புள்ளிகள்.

பிஸ்கட்! தொழில் தெரிந்த யாரும் செய்யாத காரியம் அது. இந்த மாதம் ஒரு பிஸ்கட் கொடுத்தால் அடுத்த மாதம் அந்த நாய் சுங்கச்சாவடி வைத்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. முன்பின் தெரியாத ஒருவன் கேட்டுக்கு வெளியே நின்று நாய்க்குத் தின்பண்டம் நீட்டுவதை வீட்டுக்கார அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்ன நினைப்பாள்? விஷம் வைக்க வந்தவன் என்றுதானே? நாயிடம் தப்பித்து அம்மாளிடம் மாட்டிக்கொள்வதில் என்ன லாபம்?

“எல்லா கேம்லயும் இப்படித்தான் மாமா. சரியான சாமானைச் சரியான மிருகத்துக்குக் கொடுத்தா வழி விட்டுடும்” என்றாள் அவள். அது உண்மைதான் என்று பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூதாதை, அமெரிக்காவில் வில் குரௌதர் என்ற நிரலாளர் 1976 வாக்கில் எழுதிய குகை விளையாட்டு. மனிதர் வேலை பார்த்தது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆரம்பகால வலையமைப்பில்; பொழுதுபோக்குக் குகைக்குள் ஊர்ந்து போவது. கெண்டக்கியிலுள்ள மாமத் குகையை மனைவியோடு சேர்ந்து அளந்தவர். மனைவியைப் பிரிந்த பிறகு, தன் இரண்டு பெண்பிள்ளைகளும் விளையாடட்டும் என்று அந்தக் குகையையே எழுத்தில் கட்டினார். அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் என்பவர் அதில் இன்னும் அறைகளையும் புதையல்களையும் சேர்த்துப் பெரிதாக்க, அது கணினி இருந்த இடத்துக்கெல்லாம் பரவியது. மேலாளர் அந்தப் பக்கம் போனதும் இதைத் திறந்து வைத்துக்கொண்டவர்கள் ஏராளம் என்று நம்புகிறேன். ஆதாரம் கேட்க வேண்டாம், அலுவலகம் என்றால் அப்படித்தான்.

அந்தக் குகையில் ஓரிடத்தில் பெரிய பச்சைப் பாம்பு வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது. அடித்தாலும் போகாது. வேறொரு அறையில் கூண்டு இருக்கும், இன்னொரு அறையில் ஒரு சின்னப் பறவை இருக்கும். பறவையைக் கூண்டில் பிடித்துக்கொண்டு வந்து பாம்பின் முன்னால் திறந்துவிட வேண்டும். பறவை பாம்பை விரட்டிவிடும். பறவையைத் தீனியாகப் போட்டால் பாம்பு அதை விழுங்கிவிடும், பிறகு உங்கள் பாடு திண்டாட்டம். இதை எப்படி ஊகிப்பது என்று அமெரிக்காவில் படித்தவர்களெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கா மகள் தன் பாட்டியிடம், அதாவது என் அம்மாவிடம், கேட்டாள். அம்மா வெற்றிலையைக்கூடத் துப்பாமல் சொன்னார்: “பாம்பா? வாத்தை விடு.”

அம்மாவுக்கு இது புதிரே இல்லை. கெரியான் மாவட்டம் நெல்வயல் நாடு. தண்ணீர் இருக்கிற இடத்தில் எலி, எலி இருக்கிற இடத்தில் பாம்பு. கம்பத்து மலாய் வீடுகளில் நாய் வளர்ப்பதில்லை. அங்கே திருடனையும் பாம்பையும் பார்த்துக்கொள்கிற பொறுப்பு ஆங்சா என்று அவர்கள் சொல்லும் பெரிய வாத்துகளுடையது. பாம்பைக் கண்டால் அவை சும்மா இருக்காது, கூச்சல் போட்டுச் சிறகடித்தே விரட்டிவிடும் என்பது இங்கே மூன்று இனத்துக்கும் பொதுவான நம்பிக்கை.

வாத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாயோடு சமரசம் பேசலாம். வாத்தோடு முடியாது.

நான் பிறந்தது ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே பால்மரமும் இல்லை, லயமும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் போகப் பெரிய சாலை உண்டு, ஆனால் சுற்று. குறுக்கு வழி, தாலி ஆயர் என்று நாங்கள் சொல்லும் பாசன வாய்க்காலின் கரையோடு. புக்கிட் மேராவில் அணை கட்டி ஏரியாக்கி, அங்கிருந்து கெரியான் வயல்களுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த திட்டம் 1906-இல் முடிந்தது. பிரிட்டிஷ் பொறியாளர்கள் மட்டம், சரிவு, மதகு எல்லாவற்றையும் கணக்குப் போட்டார்கள். கரையை மட்டும் ஒரு வாத்தும் ஒரு பள்ளிக்கூடப் பையனும் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடம் இல்லாத அகலத்தில் போட்டுவிட்டார்கள். இடது பக்கம் வாய்க்கால். வலது பக்கம் சேறு. முன்னால் வாத்து. அக்கா மகளின் விளையாட்டில் வடக்கே மட்டும்தான் வழி என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கரைதான் ஞாபகம் வந்தது.

முதலில் அது உங்களைப் பார்க்காதது போல நிற்கும். பிறகு கழுத்தைத் தரையோடு தாழ்த்தி நீட்டும். சீறும். சிறகை விரிக்கும். அந்த நேரத்தில் முதுகைக் காட்டினால் முடிந்தது. ஓடிவந்து கெண்டைக்காலில் கவ்வி ஒரு திருகு திருகும். பல்லும் நகமும் பெயரளவுக்குத்தான், ஆனால் வலி காதுவரை ஏறும். சரியான முறை, நேருக்கு நேர் நின்று, கைகளை அகல விரித்து, நாமும் ஒரு பெரிய வாத்து என்பது போல நடந்துகொள்வது. எட்டு வயதில் நீல நிக்கரும் புத்தகப்பையுமாக நிற்கிறவனுக்கு அந்தப் பாவனை அவ்வளவு சுலபமாக வராது. எங்களை அன்றாடம் கரையேற்றியது எங்கள் வீரம் அல்ல, பக்கத்து வீட்டு மாக்சிக். அவர் துடைப்பத்தோடு படியில் வந்து நின்று ஒரு தடவை கைதட்டினால் போதும். அதுவரை ராட்சசனாக இருந்த வாத்து, ஆபீசர் வந்ததும் கோப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும் கிராணியாகிவிடும். எல்லாப் பிள்ளைகளும் “திரிமா காசே மாக்சிக்” என்று பாடிக்கொண்டே கடந்துவிடுவோம்.

வாத்தின் திறமையை உலகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய ரோமில் நள்ளிரவில் மலைமேல் ஏறிவந்த எதிரிகளை நாய்கள் கவனிக்காமல் விட, ஜூனோ கோயில் வாத்துகள் கத்தி ஊரை எழுப்பின என்று கதை. ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்ற ஊரில் பாலன்டைன்ஸ் விஸ்கி கிடங்குகளுக்கு 1959 முதல் சீன வாத்துகள்தான் காவல். மதுக்கிடங்குக்கு மனிதனைக் காவல் வைத்தால் என்ன ஆகும் என்று யாரோ அனுபவஸ்தர் யோசித்திருக்கிறார். 2012-இல் அவற்றுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள், கேமரா வந்துவிட்டதாம். வாத்துகளுக்கே அந்தக் கதி என்றால் என் போன்றவர்கள் எம்மாத்திரம்! மலாக்காவில் தொடங்கித் தானே எண்ணை அனுப்பிவிடுகிற புது மீட்டர்களை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் தொழிலுக்கு அதனால் ஆபத்து என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை குரைக்க ஓர் ஆள் வருவான் என்று நம்பியிருக்கும் நாய்களின் பக்கம் நின்று பேச ஒருவரும் இல்லை.

தோட்டத்து நாய்களில் இரண்டு ஜாதி. லயத்து நாய்கள் எல்லாருக்கும் சொந்தம். எந்த வீட்டில் கருவாடு பொரிக்கிறார்களோ அந்த வீட்டுக்கு அன்று காவல். அவற்றைத் தாண்டிப் போவது என்ற பேச்சே கிடையாது. அவைதான் நம்மைத் தாண்டிப் போகும். துரை பங்களா நாய் வேறு. அப்பா சிறுவனாக இருந்த மலாயா அவசரகாலத்தில், வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்குத் தினமும் விடியற்காலையில் பசும்பால் கொண்டுபோய் வைப்பது அவர் வேலை. முள்கம்பி வேலி உண்டு, துப்பாக்கியோடு இரண்டு காவல்காரர்களும் உண்டு. அவர்கள் இருவரும் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள், “டேய் வாடா” என்று விட்டுவிடுவார்கள். பிரச்சினை அல்சேஷன்தான். அதற்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. போடா என்றால் போகாது, சூ என்றால் இன்னும் கிட்டே வரும். துரை அதனிடம் பேசுவதை அப்பா மறைந்து நின்று கேட்டு, இரண்டு கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டார். மறுநாள் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, துரையின் குரலிலேயே, “சிட்! ஸ்டே!” என்றார். நாய் உட்கார்ந்தது. அப்பா பாலை வைத்துவிட்டு, அதே மிடுக்கோடு திரும்பி வந்தார். அவருடைய ஆங்கிலப் படிப்பு அத்தோடு நிறைவு பெற்றது. சம்பளத்தில் பிடித்தம் செய்த ஒரு மண்டோரிடமும் அதே இரண்டு சொல்லைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

இதை அக்கா மகளிடம் சொன்னபோது துள்ளிக் குதித்தாள். “தாத்தா செஞ்சது கரெக்ட் மாமா! அந்தக் காலத்து கேம்ல ஒரு சொல்லு, மிஞ்சிப் போனா ரெண்டு சொல்லுதான் மெஷினுக்குப் புரியும்!” குரௌதரின் இயந்திரம் அந்தச் சொற்களிலும் முதல் ஐந்து எழுத்தைத்தான் பார்க்குமாம். அதற்கு மேல் நாம் என்ன எழுதினாலும் அதற்கு அக்கறை இல்லை. எனக்குத் தெரிந்த சில மாமியார்களின் காது அந்த வகை.

ஆங்கிலத்தில் அது சரிப்பட்டு வந்தது. தமிழில் எழுத உட்கார்ந்த இவள்தான் மாட்டிக்கொண்டாள். ‘நாயைத் தட்டிக்கொடு’ என்று ஒருவர் எழுதுவார், ‘நாய்க்குப் பிஸ்கட் போடு’ என்று இன்னொருவர், ‘நாயிடம் பேசு’ என்று மற்றொருவர். இயந்திரத்துக்கு மூன்றும் மூன்று வேறு பிராணிகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ‘நாய’ என்ற இரண்டு எழுத்து, கணினிக் கணக்கில் மூன்று குறி. அப்படித் தொடங்குகிற எதுவாக இருந்தாலும் நாய்தான் என்று அவள் ஓர் உத்தரவு போட்டாள். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். நாங்கள் இருவரும் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது, திருமுறை வகுப்புக்குப் போய்விட்டு வந்த அக்கா, மகளின் விளையாட்டை ஆசீர்வதிக்கிற எண்ணத்தில் ‘நாயன்மாரை வணங்கு’ என்று தட்டினார். ‘நாய் உன்னை ஆச்சரியமாகப் பார்க்கிறது’ என்று பதில் வந்தது.

அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிரேக்கக் கதையில் பாதாளத்தின் வாசலில் மூன்று தலை நாய் ஒன்று காவல் இருக்கும். ஆர்ஃபியஸ் என்பவன் யாழ் வாசித்தே அதை மயக்கிவிட்டான். அதே வித்தையை நம் ஊர் முறையில் செய்து பார்க்கலாமே என்று நான் ‘நாயனம் ஊது’ என்று தட்டினேன். ‘ஊது’ என்ற வினையை அவள் விசிலுக்காக ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தாள். இயந்திரம் ஒரு நொடி யோசித்துவிட்டு, ‘நாயை ஊத முடியாது’ என்றது. மறுக்க முடியாத உண்மை.

அந்த மூன்று தலை நாயைத் தாண்டியவர்கள் பட்டியல் நீளமானது. ரோமர் காவியத்தில் ஈனியாஸைக் கூட்டிக்கொண்டு போகும் கிழவி, தேனும் மயக்க மருந்தும் கலந்த அப்பத்தை எறிந்து தூங்கவைக்கிறாள். ஜோர்க் என்ற பழைய எழுத்து விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் அதே நாய் வருகிறது. அதன் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டினால் குட்டி போலக் குழைகிறது. மூன்று தலையில் எந்தக் கழுத்தில் மாட்டுவது, மாட்டும்போது மற்ற இரண்டும் என்ன செய்துகொண்டிருக்கும் என்றெல்லாம் கேட்டால் விளையாட்டு நடக்காது. எனக்குப் பிடித்தது 1984-இல் டக்ளஸ் ஆடம்ஸ் தம் நாவலை வைத்து இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய விண்வெளி விளையாட்டில் வரும் அசுரப் பிராணி. நீங்கள் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டால் உங்களால் அதைப் பார்க்க முடியாது. உங்களால் அதைப் பார்க்க முடியாததால் தன்னாலும் உங்களைப் பார்க்க முடியாது என்று அது நம்பிவிடும். அவ்வளவு மக்கு. தலையில் துண்டு போட்டவனை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள் என்பது சீட்டுப் பிடித்து நொடித்துப்போன நம்மவர்களுக்கு ஆடம்ஸுக்கு முன்பே தெரியும்.

இவ்வளவுக்கும் குரௌதர், வுட்ஸ் ஆட்களுக்குப் பிராணிகளைத் தெரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தக் குகைப் பறவை, கையில் கோல் வைத்துக்கொண்டு போனால் பயந்து பிடிபடாது. கோலைக் கீழே வைத்துவிட்டு வரவேண்டும். இது நூற்றுக்கு நூறு சரி. புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் முதல் நாளே குடைக்கம்போடு கிளம்புவார்கள். கம்பைப் பார்த்ததும் அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நாயும் எழுந்து நிற்கும். கம்பு வேண்டாம், ஓட வேண்டாம், கண்ணுக்குள் உற்றுப் பார்க்க வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நில், பையை நடுவில் வை. அதற்கும் முன்னால், கேட்டை ஆட்டிச் சத்தம் கொடு. நாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத நாய்தான் கடிக்கும். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு என்று வடக்கே வெறிநாய்க்கடி நோய் கண்டபோது, பினாங்கு எல்லையில் இருக்கும் எங்களுக்கெல்லாம் இந்தப் பாடம் வேதவாக்காகிவிட்டது.

நாயைவிட ஆபத்தானது நாய்க்குச் சொந்தக்காரர் சொல்லும் ஒரே வாக்கியம். சீனப் பாட்டி ஜன்னலிலிருந்து “டா கீகிட், டா கீகிட்!” என்பார். நம்மவர்கள் “அது கடிக்காது, நீங்க வாங்க” என்பார்கள். இரண்டிலும் ‘எங்களை’ என்ற சொல் விட்டுப்போயிருக்கிறது. இதை விளையாட்டில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாள். ஜன்னலில் ஒரு குரல் கேட்கும். குரலை நம்பி உள்ளே போனால் ஆட்டம் முடிந்தது. அவளுடைய தோழிகள் அத்தனை பேரும் அங்கேதான் விழுந்தார்கள். பெரியவர்கள் பேச்சை நம்புகிற பிள்ளைகள், பாவம்.

நம் பக்கத்துக் கதைகளிலும் வழிமறிக்கும் பிராணிகளுக்குக் குறைவில்லை. யமன் ஊருக்குப் போகிற வழியில் நாலு கண் நாய்கள் இரண்டு நிற்கின்றன என்று ரிக் வேதம் சொல்கிறது. அங்கே யாருக்கும் அவசரம் இல்லாததால் அதை விட்டுவிடலாம். திரௌபதி கேட்ட பூவைத் தேடிப் போன பீமன் வழியில் ஒரு கிழக் குரங்கு வாலை நீட்டிப் படுத்திருந்தது. வாலை நகர்த்திவிட்டுப் போ என்றது. கதாயுதம் வைத்திருந்த மனிதரால் வாலை அசைக்க முடியவில்லை. ‘ஐயா, நீங்கள் யார்?’ என்று கேட்ட பிறகுதான் அண்ணன் அனுமன் என்று தெரிந்தது. அந்த அனுமனே கடல் தாண்டும்போது சுரசையிடம் மாட்டினார். என் வாய்க்குள் புகாமல் யாரும் போக முடியாது என்று அவள் வரம் வாங்கி வைத்திருந்தாள். இவர் வளர்ந்தார், அவளும் வாயைப் பெரிதாக்கினாள். திடீரென்று கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, உள்ளே போய், வாயை மூடுவதற்குள் வெளியே வந்து, ‘புகுந்துவிட்டேன், வரட்டுமா?’ என்று கிளம்பிவிட்டார். சண்டை இல்லை, பிஸ்கட் இல்லை. விதியும் மீறப்படவில்லை. எங்கள் இலாகாவில் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

இவ்வளவு தூரம் யோசித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இந்த விளையாட்டு, காவியம் எல்லாவற்றிலும் கட்டாயம் தாண்டித்தான் ஆகவேண்டும். யாரும் ‘சரி, அப்புறம் வருகிறேன்’ என்று திரும்பிப் போவதில்லை. தோட்டத்தில் மனிதர்கள் அதிகம் செய்தது அதைத்தான். நாய் அவிழ்ந்து நின்றால் அடுத்த வரிசை வழியாகப் போவார்கள். மாடு மறித்தால் மாடு நகரும்வரை ஒரு பீடி பற்றவைப்பார்கள். பாம்பு கிடந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அன்றைக்கு அந்த மரங்களை வெட்டமாட்டார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் யாரையும் எந்தப் புலவரும் பாடவில்லை, ஆனால் அவர்கள் எல்லாரும் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார்கள். புக்கிட் மேரா ஏரியில் ஓராங் ஊத்தான் தீவுக்குப் போனால் அங்கே வேலையை இன்னும் அழகாக முடித்திருக்கிறார்கள். பார்க்க வருகிற மனிதர்கள் கம்பி அடைத்த நடைபாதைக்குள், ஓராங் ஊத்தான்கள் வெளியே சுதந்திரமாக. தாண்டுவது என்ற கேள்வியே எழாது.

எங்கள் தொழிலில் இதற்கு முறையான ஏற்பாடே உண்டு. கேட் பூட்டியிருக்கிறது, அல்லது உள்ளே நிற்கிறவரின் முகம் சரியில்லை. மெஷினில் அதற்கான காரணத்தைத் தட்டினால் முந்தைய மாதங்களின் கணக்கை வைத்து உத்தேசமாக ஒரு பில் வரும். எப்போது உள்ளே போய் நிஜ எண்ணைப் பார்க்கிறோமோ அப்போது கூடுதல் குறைவைச் சரிசெய்துகொள்ளலாம். யாருக்கும் காயம் இல்லை. நாய்க்கும் தன் கடமையைச் செய்த திருப்தி.

“அதையும் போடு” என்றேன்.

“திரும்பிப் போனா கேம் முடிஞ்சிடுமே மாமா. அப்புறம் எப்படி ஜெயிக்கிறது?”

“உயிரோட வீட்டுக்கு வர்றது ஜெயிக்கிறது இல்லையா?”

அவள் கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். பிறகு ‘உத்தேசம்’ என்று ஒரு கட்டளை சேர்த்தாள். அதைத் தட்டினால், ‘நீ உத்தேச பில் ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தே தாரே குடிக்கப் போகிறாய். நாய் வாலை ஆட்டுகிறது. நூறு புள்ளிகள்’ என்று வரும். பிஸ்கட்டுக்குப் பத்துதான். உள்ளூர அவளும் என் கட்சிதான் என்று புரிந்துகொண்டேன். விளையாடிப் பார்த்த அம்மா இந்தக் கட்டளையைத் தவிர வேறு எதையும் தட்ட மறுத்துவிட்டார்.

பள்ளியில் ஆசிரியை எல்லாவற்றையும் பொறுமையாக விளையாடிப் பார்த்தாராம். ஜன்னல் குரலுக்குச் சிரித்தாராம். நாயன்மார் விவகாரத்தை அக்காவின் வற்புறுத்தலால் முன்பே சரிசெய்திருந்தோம். ‘உத்தேசம்’ வந்ததும் மட்டும் முகம் மாறியிருக்கிறது. “வீட்டுக்குள்ள போகாமலே எப்படி ஃபுல் மார்க்? இது எந்த ஊர் நியாயம்?” என்று கேட்டிருக்கிறார்.

“எங்க மாமா இப்படித்தான் டீச்சர் சம்பளம் வாங்குறாரு” என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

வகுப்பே சிரித்ததாம். ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. மாமா எந்தப் பக்கம் மீட்டர் பார்க்கிறார் என்று விசாரித்திருக்கிறார். இவளும் சாலையின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அலோர் பொங்சு சாலை இரட்டையர் யாருடைய நாய்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. அந்த வீட்டுக்கு மூன்று மாதமாக உத்தேச பில்தான் போய்க்கொண்டிருக்கிறது.